எண்டோதீலினைக் கல்லீரல் எப்படிப் பற்றி அகற்றுகிறது?

மருந்தியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: இரத்தக்குழாயைச் சுருக்கும் எண்டோதீலின்-1 ஒரு பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி; பெப்டைடுகளை நொதிகள் வெட்டிச் சிதைக்கும் என்றுதான் பாடநூல்கள் சொல்கின்றன, அப்படியிருக்கக் கல்லீரல் அதை ஏற்பிகள் (செல்லின் மேற்பரப்பில் அதைப் பிணைக்கும் புரதங்கள்) வழியாக அகற்றுகிறது என்று எழுதுவது ஏன்? இரத்தக்குழாயைச் சுருக்குவதும் அதே ஏற்பிகள்தாம் என்றால், சுருக்கும் வேலையும் அகற்றும் வேலையும் ஒரே உறுப்பில் எப்படி நடக்கின்றன? கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோயாளிகளின் இரத்தத்தில் இந்தப் பெப்டைடு கூடியிருப்பதைக் கல்லீரல் அகற்றத் தவறியதன் விளைவு என்று கொள்ளலாமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். எண்டோதீலினைப் பொறுத்தவரை அகற்றுதல் என்பது ஏற்பியோடு பிணைவதில் தொடங்குகிறது. பிணைந்த பிறகு அந்த மூலக்கூறு செல்லுக்குள் எந்த வழியில் செல்கிறது என்பதே, அது இரத்தக்குழாயின் சுருக்கத்தில் முடியுமா அல்லது தன் சிதைவில் முடியுமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. மூன்றாவது கேள்விக்கு 'ஓரளவு' என்பதற்கு மேல் ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அதற்கு வருமுன் மூலக்கூறைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

ஜப்பானின் த்சுகுபா பல்கலைக்கழகத்தில் மசாஷி யானகிசாவாவும் உடன் பணியாற்றியவர்களும் பன்றியின் பெருந்தமனி உட்சுவர்ச் செல்களிலிருந்து எண்டோதீலினைப் பிரித்தெடுத்து 1988இல் வெளியிட்டனர். 21 அமினோ அமிலங்கள் கொண்ட இச்சிறு பெப்டைடை இரண்டு டைசல்பைடு பிணைப்புகள் இறுக்கமாக மடித்து வைத்திருக்கின்றன. 1ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் 15ஆம் இடத்துச் சிஸ்டீனோடும், 3ஆம் இடத்துச் சிஸ்டீன் 11ஆம் இடத்துச் சிஸ்டீனோடும் பிணைந்துள்ளன. அட்ராக்டாஸ்பிஸ் இனப் பாம்பின் நஞ்சிலுள்ள சாராஃபோடாக்சின் ஏறக்குறைய இதே அமைப்பைக் கொண்டிருப்பது, இந்த மடிப்பு எவ்வளவு வலிமையான சுருக்கியை உருவாக்குகிறது என்பதற்குச் சான்று. செல்லுக்குள் இது நேரடியாக 21 அமினோ அமிலங்களாகப் பிறப்பதில்லை. முதலில் 38 அமினோ அமிலங்கள் கொண்ட பெரு எண்டோதீலினாக உருவாகி, எண்டோதீலின் மாற்றும் நொதியால் வெட்டப்பட்ட பிறகே செயல்வடிவம் பெறுகிறது. இந்த முன்வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இது பயன்படும்.

இதற்கு இரண்டு ஏற்பிகள் உள்ளன. இரண்டின் மரபணுக்களும் 1990இல் பிரித்தறியப்பட்டன. ஏ வகை ஏற்பி பெரும்பாலும் இரத்தக்குழாயின் மென்தசைச் செல்களில் இருந்து சுருக்கத்தை ஏற்படுத்துகிறது. பி வகை ஏற்பி உட்சுவர்ச் செல்களில் மிகுதி. அங்கே அது நைட்ரிக் ஆக்சைடையும் புரோஸ்டாசைக்ளினையும் வெளிவரச் செய்து குழாயைத் தளர்த்துகிறது. ஆனால் தசைச் செல்லில் இருக்கும் பி வகை ஏற்பி சுருக்கவும் செய்யும். ஆகையால் 'ஏ என்றால் சுருக்கம், பி என்றால் தளர்ச்சி' என்னும் வாய்பாடு தேர்வுக்கு உதவலாம். கல்லீரலைப் புரிந்துகொள்ள உதவாது.

இரத்தத்தில் இருக்கும் அளவை ஒரு சிறு கணக்கால் பார்ப்போம். நலமானவரின் பிளாஸ்மாவில் எண்டோதீலின்-1 லிட்டருக்குச் சில பிகோமோல் என்ற அளவில்தான் உள்ளது. அதை இரண்டு பிகோமோல் என்றும், பிளாஸ்மாவின் மொத்தக் கன அளவை 3 லிட்டர் என்றும் கொண்டால், உடல் முழுவதும் சுற்றிவரும் எண்டோதீலின் 6 பிகோமோல், அதாவது ஏறத்தாழ 15 நானோகிராம். இதற்குக் காரணம், உட்சுவர்ச் செல்கள் தாங்கள் சுரப்பதில் பெரும்பகுதியை இரத்தம் ஓடும் பக்கமாக அன்றி அடியிலுள்ள தசையின் பக்கமாகவே விடுகின்றன. வாய்க்காலில் பாயும் நீரில் வரப்போரம் கசிவது எவ்வளவோ, இரத்தத்தில் நாம் அளப்பதும் அவ்வளவுதான். இது தொலைவிலுள்ள உறுப்புக்குச் செய்தி கொண்டு செல்லும் ஹார்மோன் அன்று. அண்டைச் செல்லோடு பேசும் பொருள். கசிந்தது உடல் முழுவதும் சுற்றித் தேவையற்ற இடங்களில் குழாய்களைச் சுருக்காமல் இருக்க வேண்டுமானால் அதை விரைந்து எடுத்துவிட வேண்டும்.

உண்மையில் விரைந்துதான் எடுக்கப்படுகிறது. சிரைக்குள் செலுத்தப்பட்ட எண்டோதீலின் பிளாஸ்மாவிலிருந்து ஓரிரு நிமிடங்களிலேயே பெருமளவு மறைந்துவிடுகிறது. இதை நொதிகளின் வேலை என்று எண்ணத் தோன்றும். ஆஞ்சியோடென்சின்-2, பிராடிகைனின் போன்ற நேரான சங்கிலிகளுக்கு அது பொருந்தும். எண்டோதீலினையோ, உடலுக்கு வெளியே இரத்தத்தோடு கலந்து வைத்தால் அவ்வளவு விரைவில் சிதைவதில்லை. இரட்டைப் பிணைப்பால் மடிந்த அதன் உருவம் நொதிகளுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. நெப்ரிலைசின் என்னும் நொதி, குறிப்பாகச் சிறுநீரகத்தில், எண்டோதீலினை வெட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதைக் கொண்டு மட்டும் இந்த நிமிடக் கணக்கை விளக்க முடியாது.

மறைந்த பெப்டைடு எங்கே போனது என்பதைக் கதிரியக்க அயோடின் இணைத்த எண்டோதீலினை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் ஆகிய மூன்றிலும் அது குவிந்திருந்தது. இவற்றில் முதலிடம் நுரையீரலுக்கு. அதன் வழியே ஒருமுறை செல்லும்போதே ஏறத்தாழப் பாதி பிடித்துவைக்கப்படுவதை விலங்கு ஆய்வுகள் 1988லேயே காட்டிவிட்டன. கல்லீரலின் பங்கை மிகைப்படுத்துபவர்கள் இரத்தவோட்டக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம், அதாவது இதயம் தள்ளும் முழு இரத்தமும், நுரையீரலைக் கடக்கிறது. கல்லீரலைக் கடப்பது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். அதில் பிளாஸ்மா 800 மில்லிலிட்டர் அளவே. தன்னிடம் வரும் எண்டோதீலினில் ஒரு துளியும் விடாமல் கல்லீரல் எடுத்தாலும், நிமிடத்துக்கு 800 மில்லிலிட்டருக்கு மேல் அதனால் தூய்மையாக்க இயலாது. எனவே ஓரிரு நிமிட அரைவாழ்வு (பாதி மறைய ஆகும் நேரம்) கல்லீரலால் மட்டும் வரக்கூடியதன்று. அதே வேளையில், குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை வழியாக வரும் எண்டோதீலின் நுரையீரலைக் காணுமுன் கல்லீரலைத்தான் காண்கிறது; அந்த வழியில் வருவதற்குக் கல்லீரலே முதல் காவல். இரத்தத்தில் எண்டோடாக்சின் என்னும் பாக்டீரியா நச்சு பரவும் நிலையில் இதன் முக்கியத்துவம் கூடுகிறது.

இனிக் கல்லீரலுக்குள். போர்ட்டல் சிரை இரத்தமும் கல்லீரல் தமனி இரத்தமும் கலந்து சைனுசாய்டு எனப்படும் அகன்ற நுண்குழாய்களில் மெதுவாக நகர்கின்றன. மற்ற உறுப்புகளின் நுண்குழாய்களிலிருந்து இவை வேறுபடும் இடம் சுவரில் உள்ளது. இங்குள்ள உட்சுவர்ச் செல்களில் ஏறக்குறைய 100 நானோமீட்டர் அளவுள்ள துளைகள் நிறைந்துள்ளன. அடியில் முறையான அடித்தளச் சவ்வும் இல்லை. இரண்டரை ஆயிரம் டால்டன் எடையுள்ள எண்டோதீலினுக்கு இத்துளைகள் அகலத் திறந்த வாயில்கள். அது தடையின்றிச் சுவரைக் கடந்து, சுவருக்கும் கல்லீரல் செல்களுக்கும் இடையிலுள்ள டிஸ்ஸே இடைவெளியை அடைகிறது. ஆகவே இரத்தத்திலுள்ள எண்டோதீலினை உட்சுவர்ச் செல் மட்டும் சந்திப்பதில்லை. சைனுசாய்டுக்குள் அமர்ந்திருக்கும் விழுங்கு செல்களான குப்ஃபர் செல்கள், டிஸ்ஸே இடைவெளியில் வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சைனுசாய்டைக் கைகளால் அணைத்தபடி இருக்கும் ஸ்டெல்லேட் செல்கள், அதற்கப்பால் கல்லீரலின் கன அளவில் பெரும்பங்கான ஹெப்படோசைட்டுகள் (கல்லீரலின் முதன்மைச் செல்கள்) என நான்கு வகைச் செல்களும் சந்திக்கின்றன.

நான்கிலும் எண்டோதீலின் பிணையும் இடங்கள் உள்ளன. ஆனால் ஒரே விதத்தில் இல்லை. உட்சுவர்ச் செல்களிலும் குப்ஃபர் செல்களிலும் பெரும்பாலும் பி வகை. ஸ்டெல்லேட் செல்களில் ஏ, பி இரண்டும் உண்டு. செல் ஒன்றுக்கு எத்தனை பிணைப்பிடங்கள் என்று பார்த்தால் இவையே செறிவு மிக்கவை. ஹெப்படோசைட்டுகளிலும் இரண்டும் பதிவாகியுள்ளன. தனித்தனியாகப் பார்த்தால் அடர்த்தி குறைவு என்றாலும் எண்ணிக்கையால் அவை ஈடு செய்கின்றன. கல்லீரல் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்துச் செய்யப்படும் ஆய்வுகளில் ஓர் எச்சரிக்கை தேவை. வளர்ப்புத் தட்டில் வைத்த ஸ்டெல்லேட் செல் சில நாள்களிலேயே தானாகக் கிளர்ந்து நோயுற்ற நிலையை ஒத்ததாகிவிடுகிறது. அதன் ஏற்பிகளின் விகிதமும் மாறுகிறது. 'இந்தச் செல்லில் இத்தனை ஏற்பிகள்' என்னும் எண்ணைப் படிக்கும்போது, அது எத்தனையாம் நாள் செல் என்று பார்ப்பது நல்லது.

பிணைப்பின் தன்மைதான் இந்தக் கதையில் மிகச் சுவையான பகுதி. வழக்கமான ஹார்மோன் ஏற்பியோடு சேரும், பிரியும், மீண்டும் சேரும். இரண்டுக்கும் இடையே ஒரு சமநிலை இருக்கும். எண்டோதீலின் பிணைந்தால் எளிதில் பிரிவதில்லை. பிரியும் வேகம் அவ்வளவு குறைவாதலால், ஆய்வுக்கூடத்து நேரக் கணக்கில் அதைத் திரும்பாப் பிணைப்பு என்றே பலர் எழுதுகிறார்கள். பி வகை ஏற்பி எண்டோதீலினைப் பற்றியிருக்கும் படிக அமைப்பு 2016இல் வெளியானபோது, பெப்டைடை ஏற்பி எல்லாப் பக்கமும் சூழ்ந்து மூடிக்கொள்வது தெரிந்தது. அகற்றும் பணிக்கு இது பொருத்தமான குணம். பிளாஸ்மாவிலுள்ள செறிவு, ஏற்பிகளில் பாதியை நிரப்பத் தேவையான செறிவைவிட மிகக் குறைவு. எனவே எந்த நேரத்திலும் ஏற்பிகளில் பெரும்பாலானவை காலியாகக் காத்திருக்கின்றன. வரும் மூலக்கூறு ஒன்றைப் பிடித்தால் அது இரத்தத்துக்குத் திரும்புவதில்லை. காலி இடங்களின் இருப்பு பெரிதாதலால், வரத்து சற்றுக் கூடினாலும் அகற்றும் விகிதம் குறைவதில்லை.

பிடித்த பிறகு நடப்பது இது. பெப்டைடு பிணைந்த ஏற்பிக்கு ஏற்பிக் கைனேஸ்கள் என்னும் நொதிகள் பாஸ்பேட் சேர்க்கின்றன. அரெஸ்டின் புரதம் வந்து ஒட்டுகிறது. கிளாத்ரின் என்னும் புரதம் போர்த்திய செல்சவ்வுக் குழிகள் வழியே ஏற்பியும் பெப்டைடும் சேர்ந்தே செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன. இதுவரை இரு வகை ஏற்பிகளுக்கும் பொது. உள்ளே எண்டோசோம் என்னும் சிறு பையை அடைந்ததும் பாதை பிரிகிறது. ஏ வகை ஏற்பி மறுசுழற்சிப் பாதையில் சென்று செல்லின் மேற்பரப்புக்குத் திரும்புகிறது. அதனோடு உள்ளே சென்ற எண்டோதீலின் நெடுநேரம் சிதையாமலே இருக்கக்கூடும். பி வகை ஏற்பி பின்னிலை எண்டோசோம் வழியாக, செல்லின் சிதைப்பறையான லைசோசோமுக்குப் போகிறது. அங்கே பெப்டைடும் சிதைகிறது, ஏற்பியும் சிதைகிறது. எண்டோதீலினை அகற்றும் ஏற்பி என்று பி வகையைச் சொல்வதன் பொருள் இதுதான். ஒரு மூலக்கூறைச் சிதைக்க ஓர் ஏற்பியையே செலவிடும் ஏற்பாடு வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால் அகற்ற வேண்டியது மொத்தமே நானோகிராம் கணக்கில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் செலவு பெரிதன்று. நொதிகளுக்கும் இங்கே வேலை உண்டு. அது இரத்தத்தில் அல்ல, லைசோசோமின் அமிலச் சூழலில். பாடநூல் கூற்றை முழுவதும் தள்ளிவிட வேண்டியதில்லை. நொதி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

இனி, பற்றுவது செயலற்ற நிகழ்ச்சி அன்று. பி வகை ஏற்பியானாலும் பெப்டைடு பிணைந்தவுடன் அது செய்தி அனுப்பவே செய்கிறது. எலியின் கல்லீரலைத் தனியே எடுத்துத் திரவம் செலுத்தி உயிரோடு வைத்து, அதில் எண்டோதீலினைச் சேர்த்தால் போர்ட்டல் அழுத்தம் உயர்கிறது. ஸ்டெல்லேட் செல்கள் சுருங்கிச் சைனுசாய்டை இறுக்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே நேரத்தில் ஹெப்படோசைட்டில் கால்சியம் உயர்ந்து, கிளைகோஜன் உடைந்து, குளுக்கோஸ் வெளிவருகிறது. உட்சுவர்ச் செல்லிலோ நைட்ரிக் ஆக்சைடு உருவாகி அந்த இறுக்கத்தை எதிர்க்கிறது. மனிதரிலும் இந்த இரட்டைத்தன்மை தெரிகிறது: 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நலமானவர்களுக்குச் சிரை வழியாக எண்டோதீலின் செலுத்தியபோது, கல்லீரலை உள்ளடக்கிய வயிற்றறைப் பகுதியும் சிறுநீரகமும் அதை இரத்தத்திலிருந்து மிகத் திறமையாக எடுத்துக்கொண்டன, அதே உறுப்புகளில்தான் இரத்தவோட்டமும் குறைந்து, செலுத்துவது நின்ற பிறகும் நெடுநேரம் குறைந்தே இருந்தது. இரத்தத்தில் பெப்டைடு இல்லை. விளைவு மட்டும் தொடர்கிறது. பிரியாத பிணைப்பும், ஏ வகை ஏற்பியோடு உள்ளே சென்று தங்கும் இயல்பும் இதற்கு விளக்கம் தருகின்றன. பிளாஸ்மா அரைவாழ்வைக் கொண்டு எண்டோதீலினின் செயற்காலத்தைக் கணிப்பது ஏன் தவறு என்பதும் இதனால் விளங்கும்.

அகற்றுவது பி வகை ஏற்பிதான் என்பதற்கு வலுவான சான்றுகள் மருந்துகளிலிருந்து வந்தன. இரு ஏற்பிகளையும் தடுக்கும் போசென்டான் என்னும் மருந்தைக் கொடுத்தால் பிளாஸ்மா எண்டோதீலின் உயர்கிறது. பி வகையை மட்டும் தடுக்கும் பிக்யூ-788 என்னும் பொருளைக் கொடுத்தாலும் உயர்கிறது. ஏ வகையை மட்டும் தடுத்தால் அத்தகைய உயர்வு உடனே தெரிவதில்லை. உற்பத்தி கூடியதால் உயர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் முன்வடிவமான பெரு எண்டோதீலின் உதவிக்கு வருகிறது. அது ஏற்பிகளோடு சரியாகப் பிணைவதில்லை. ஆகவே ஏற்பியைத் தடுப்பதால் அதன் அகற்றம் பாதிக்கப்படுவதில்லை. உற்பத்தி கூடியிருந்தால் இரண்டும் உயர வேண்டும். அகற்றம் குறைந்திருந்தால் எண்டோதீலின்-1 மட்டும் உயர வேண்டும். பி வகைத் தடுப்பில் காணப்பட்டது இரண்டாவது நிலைதான். உட்சுவர்ச் செல்களில் மட்டும் பி வகை ஏற்பியை நீக்கிய சுண்டெலிகளிலும் அகற்றம் குன்றிப் பிளாஸ்மா அளவு உயர்ந்தது. ஆயினும் அவற்றுக்கு உயர் இரத்த அழுத்தம் வரவில்லை. கசிவில் உள்ளதை அளந்து குழாய்ச் சுவருக்குள் நடப்பதை ஊகிப்பவர்கள் இந்தச் சுண்டெலிகளைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது சிரோசிஸ். அந்நோயில் பிளாஸ்மா எண்டோதீலின் கூடுகிறது. ஹெப்படோரீனல் சிண்ட்ரோம் என்னும் சிறுநீரகச் செயலிழப்பு சேர்ந்தவர்களில் அது குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருப்பதை 1992இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அகற்றம் குன்றுவதற்கு உடற்கூறு சார்ந்த காரணங்கள் தெளிவாகவே உள்ளன. போர்ட்டல் இரத்தத்தில் ஒரு பங்கு மாற்றுச் சிரைகள் வழியாகக் கல்லீரலைத் தொடாமலே உடலுக்குள் போய்விடுகிறது. கல்லீரலுக்குள் வரும் பங்கும் பழைய சைனுசாய்டுகளைக் காண்பதில்லை. துளைகள் குறைந்து, அடியில் சவ்வு படிந்து, அவை சாதாரண நுண்குழாய்களைப் போலாகிவிடுகின்றன. திறந்த வாயில் அடைபட்டால் டிஸ்ஸே இடைவெளியிலுள்ள ஏற்பிகள் இருந்தும் பயன் குறைவு.

ஆயினும் அகற்றக் குறைவு பாதிக் கதை மட்டுமே. நலமான கல்லீரலில் எண்டோதீலினைச் சுரப்பவை பெரும்பாலும் சைனுசாய்டின் உட்சுவர்ச் செல்கள். காயமுற்ற கல்லீரலில் அந்தப் பணி ஸ்டெல்லேட் செல்களுக்கு மாறுகிறது. முன்வடிவத்தை வெட்டும் நொதியும் அவற்றில் கூடுகிறது. சுருங்கும் செல்லே தன்னைச் சுருக்கும் பொருளையும் செய்துகொள்ளும் நிலை இது. அதோடு, உட்சுவர்ச் செல்லின் பி வகை ஏற்பி எண்டோதீலினைப் பற்றினாலும் நைட்ரிக் ஆக்சைடு போதிய அளவு வருவதில்லை; ஏற்பிக் கைனேஸ்-2 மிகுந்து, ஏற்பியிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு நொதிக்குச் செல்லும் செய்தியை இடையில் முறிப்பது அதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. எடுக்கும் உறுப்பு விடும் உறுப்பாகிவிடுகிறது. ஆகவே மாணவரின் மூன்றாவது கேள்விக்கு என் விடை: சிரோசிஸில் கூடிய அளவை அகற்றத் தவறியதன் விளைவு என்று மட்டும் எழுதினால் அது பிழை, கல்லீரலே கூடுதலாகச் சுரக்கிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், இரண்டில் எதற்கு எடை அதிகம் என்பது நோயின் காரணத்தையும் கட்டத்தையும் பொறுத்தது. அளவிடும் முறையும் இதில் குழப்பம் விளைவிக்கும். சில எதிர்ப்பொருள் சோதனைகள் பெரு எண்டோதீலினையும் சேர்த்தே எண்ணிவிடுகின்றன.

கல்லீரல் விட்ட எண்டோதீலின் அடுத்துச் சேருமிடம் நுரையீரல். பித்தநாளம் கட்டப்பட்ட எலிகளில், நுரையீரலின் உட்சுவர்ச் செல்களில் பி வகை ஏற்பிகள் மிகுகின்றன. கல்லீரலிலிருந்து வரும் எண்டோதீலின் அவற்றோடு பிணைந்து நைட்ரிக் ஆக்சைடைக் கூட்ட, நுரையீரல் நுண்குழாய்கள் விரிகின்றன. ஆக்சிஜன் ஏறாத இரத்தம் அவ்வழியே நழுவுகிறது. கல்லீரல் நோயால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் ஹெப்படோபல்மனரி சிண்ட்ரோமுக்குத் தரப்படும் விளக்கங்களில் இது முக்கியமானது. சுருக்கும் பெப்டைடு என்று பெயர் பெற்றது அங்கே விரிக்கிறது.

கடைசியாக, மாணவர்கள் அடிக்கடி ஒன்றாக்கிவிடும் இரு செய்திகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எண்டோதீலின் தடுப்பு மருந்துகள் சில கல்லீரலுக்குக் கேடு செய்கின்றன என்பதும், அவை எண்டோதீலின் அகற்றத்தைத் தடுக்கின்றன என்பதும் வெவ்வேறு. போசென்டான், பித்த உப்புகளைப் பித்தநீருக்குள் தள்ளும் புரதத்தைத் தடுக்கிறது. பித்த உப்புகள் செல்லுக்குள் தேங்குவதே அதன் கல்லீரல் பாதிப்புக்கு முதன்மையான விளக்கம். சிடாக்சென்டான் ஏ வகையை மட்டும் தேர்ந்து தடுக்கும் மருந்து, ஆகவே அகற்றும் ஏற்பியை அது தொடுவதில்லை; அப்படியிருந்தும் கடுமையான கல்லீரல் பாதிப்பின் காரணமாக 2010இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. போசென்டான் உட்கொள்பவரின் பிளாஸ்மா எண்டோதீலின் உயர்ந்திருந்தால் அது நோய் முற்றியதற்கும் அடையாளமன்று, கல்லீரல் கெட்டதற்கும் அடையாளமன்று. பி வகை ஏற்பிகள் அடைபட்டிருக்கின்றன என்பதைத்தான் முதலில் அது காட்டுகிறது. மருந்து தொடங்குமுன் எடுத்த இரத்த மாதிரியும், பெரு எண்டோதீலினின் தனி அளவும் கையில் இருந்தால்தான் அந்த எண்ணைக் கொண்டு மேலே எதையும் பேச முடியும்.